வாரம் ரூ.1,000-ல் நாலு பேர் சாப்பாடு: செஞ்சியில் எப்படிச் சமாளிக்கலாம்? ரேஷன் முதல் சந்தை வரை முழுக் கணக்கு

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26 நிதியாண்டில் நிர்ணயிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். மூன்று நாள் கூலியை அப்படியே எடுத்து வைத்தால் சுமார் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என நாலு பேர் ஏழு நாள் சாப்பிட முடியுமா?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லையும் மணிலாவையும் நம்பி வாழும் பல வீடுகளில் வாராவாரம் எழும் கேள்வி இது. வேலை இருக்கும் வாரம் ஒரு மாதிரி, மழை பெய்து வேலை நின்ற வாரம் வேறு மாதிரி.

வயிறு நிறைவது ஒரு விஷயம், உடம்புக்குத் தேவையானது கிடைப்பது வேறு விஷயம். ரேஷன் அரிசியால் முதல் பிரச்னை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இடிப்பது இரண்டாவதில்தான். எங்கே இடிக்குது, கையில் இருக்கும் பணத்தை எதில் போடணும்? பார்க்கலாம்.

ரேஷனில் என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். நாலு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதக் கணக்கு இதுதான்:

- அரிசி: 20 கிலோ வரை, இலவசம் (இருப்பைப் பொறுத்து இதில் ஒரு பகுதியைக் கோதுமையாகவும் வாங்கலாம்)
- சர்க்கரை: ஆளுக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய்
- துவரம் பருப்பு: 1 கிலோ, 30 ரூபாய்
- பாமாயில்: 1 லிட்டர், 25 ரூபாய்

மொத்தச் செலவு 105 ரூபாய். வாரத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 25 ரூபாய். அந்தியோதயா அட்டை என்றால் அரிசி 35 கிலோ. உங்க அட்டை எந்த வகை என்பது ஸ்மார்ட் கார்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். PHH என்றால் முன்னுரிமை அட்டை, PHH-AAY என்றால் அந்தியோதயா, NPHH என்றால் முன்னுரிமை இல்லாத அட்டை. சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது.

அப்புறம் எங்கே இடிக்குது?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை:

- அரிசி, கேழ்வரகு போன்ற தானியங்கள்: 250 கிராம்
- பருப்பு, பயறு: 85 கிராம்
- கீரை உட்பட காய்கறி: 400 கிராம்
- பழம்: 100 கிராம்
- பால் அல்லது தயிர்: 300 மில்லி
- மணிலா, எள் போன்றவை: 35 கிராம்
- எண்ணெய்: 27 கிராம்

வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும், சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு. இப்போ ரேஷனை இதோடு ஒப்பிடுங்க.

20 கிலோ அரிசியை நாலு பேருக்கு 30 நாள் பிரித்தால் ஆளுக்கு 167 கிராம் வருது. தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. பரவாயில்லை.

1 கிலோ பருப்பைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு வெறும் 8 கிராம். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எண்ணெய் ஆளுக்கு 8 கிராமுக்கும் குறைவு. சர்க்கரை 16, 17 கிராம், அது தாராளமாகவே போதும். வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆக, பெரிய ஓட்டை பருப்பில்தான். ஆனால் பணம் கையில் வந்ததும் பல வீடுகளில் முதல் செலவு சன்ன ரக அரிசி மூட்டைக்குப் போய்விடுகிறது. ரேஷன் அரிசி இட்லிக்கும் மாட்டுக்கும் என்று ஒதுங்கிவிடுகிறது. அங்கேதான் பட்ஜெட் உடையுது. ரேஷன் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டு, மிச்சமாகும் பணத்தைப் பருப்பு, பயறு, முட்டை, கீரைக்குத் திருப்புவதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை.

கவனிக்க: ரேஷன் அரிசியில் சில மணிகள் மட்டும் நிறம் மாறி, களையும்போது மிதந்தால் அது பிளாஸ்டிக் அரிசி இல்லை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி. பொறுக்கி எறிய வேண்டாம்.

பள்ளிச் சாப்பாட்டைக் கணக்கில் சேர்த்தீங்களா?

அரசுப் பள்ளியில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் வந்தது.

மதியச் சத்துணவு 1982 முதல் இருக்கிறது. 10-ம் வகுப்பு வரை. வாரத்தில் ஐந்து பள்ளி நாளும் ஒரு முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து காலை உணவு, ஐந்து மதிய உணவு, ஐந்து முட்டை. இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து 20 வேளை, 10 முட்டை. வீட்டுச் செலவில் இது பெரிய தொகை. "சத்துணவு வேணாம், கௌரவக் குறைச்சல்" என்று டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் முட்டை கிடைக்கும் நாட்களில், வீட்டில் வாங்கும் முட்டையை அம்மாவும் அப்பாவும் சாப்பிடலாம். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தையோ, கர்ப்பிணியோ, பாலூட்டும் தாயோ வீட்டில் இருந்தால் அங்கன்வாடியில் பதிவு செய்து சத்துமாவு வாங்கிக்கோங்க.

10 ரூபாய்க்கு எவ்வளவு புரதம்?

கறி எடுத்தால்தான் சத்து என்பது பொதுவான நினைப்பு. கீழே உள்ளது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தோராய விலை. உங்க கடை விலையைப் போட்டுப் பார்த்துக்கோங்க.

- கொள்ளு (கிலோ 100 ரூபாய் என்றால்): 10 ரூபாய்க்குச் சுமார் 22 கிராம் புரதம்
- துவரம் பருப்பு (கிலோ 140): சுமார் 16 கிராம்
- மல்லாட்டை (உரித்தது கிலோ 150): சுமார் 16 கிராம்
- முட்டை (ஒன்று ஏழு ரூபாய்க்குள்): சுமார் 9 கிராம்
- பால் (லிட்டர் 44): சுமார் 7 கிராம்

ரேஷன் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். 10 ரூபாய்க்கு 70 கிராமுக்கு மேல் புரதம். இதைவிட மலிவாக எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால எந்த மாதமும் விட்டுடாதீங்க.

முட்டை, பால் விலை கூடுதல்தான். ஆனாலும் அவற்றின் புரதம் உடம்பில் எளிதில் சேரும், பி12 சத்தும் கிடைக்கும். பயறு வகைகளில் பி12 கிடையாது. அதனால் மலிவானதை நிறையவும், விலை அதிகமானதைக் கொஞ்சமாகவும் சேர்ப்பதே சரி.

ரூ.1,000 வாரக் கணக்கு: நாலு பேருக்கு

கேஸ், வாடகை, மருந்து இதில் சேராது. விலைகள் தோராயம்.

- ரேஷன் பொருள் (வாரப் பங்கு): 25
- கேழ்வரகு 1 கிலோ: 50
- வெளியில் அரிசி 1 கிலோ: 50
- துவரை அல்லது பாசிப்பருப்பு அரை கிலோ: 70
- கொள்ளு, காராமணி போன்ற பயறு அரை கிலோ: 50
- மல்லாட்டை அரை கிலோ: 75
- முட்டை 12: 80
- பால் தினம் அரை லிட்டர்: 150
- எண்ணெய் அரை லிட்டர்: 80
- கீரை 5 கட்டு: 75
- காய்கறி 4 கிலோ: 120
- வெங்காயம், தக்காளி: 70
- புளி, மிளகாய், உப்பு, டீத்தூள்: 65
- கருவாடு: 40

மொத்தம்: 1,000 ரூபாய்.

இதில் ரேஷன் பருப்பையும் சேர்த்தால் பருப்பும் பயறும் வாரத்துக்கு 1.2 கிலோவுக்கு மேல். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 44 கிராம். ரேஷனை மட்டும் நம்பினால் கிடைக்கும் 8 கிராமோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கு மேல். பரிந்துரைக்கும் 85 கிராமுக்கு இது பாதிதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளியில் கிடைக்கும் சாம்பாரும் முட்டையும் பிள்ளைகளுக்குத் தனி. பழம் இந்தப் பட்டியலில் இல்லை. கொய்யா, பப்பாளி மலிவாக வரும் வாரத்தில் காய்கறிப் பணத்தில் ஒரு பங்கை அதற்கு மாற்றிக்கோங்க.

கேழ்வரகு எதற்கு? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. அரிசியில் அது மிகக் குறைவு. பால் குறைவாக வாங்கும் வீட்டுக்குக் கூழும் களியும் பெரிய துணை.

ஒரு வாரம் என்ன சமைக்கலாம்?

- திங்கள்: காலை கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம். மதியம் பாசிப்பருப்பு போட்ட கீரைக் கடையல். இரவு ரசம், பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டை.
- செவ்வாய்: காலை பழைய சோறு, மல்லாட்டைத் துவையல். மதியம் காய் போட்ட சாம்பார். இரவு மீதிச் சாம்பார், முட்டை வறுவல்.
- புதன்: காலை கூழ். மதியம் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல்.
- வியாழன்: காலை கோதுமை தோசை. மதியம் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் சுண்டல். இரவு முட்டை.
- வெள்ளி: மதியம் பருப்பு, கீரை. சாயங்காலம் வேகவைத்த மல்லாட்டை.
- சனி: கேழ்வரகுக் களி, காராமணிக் குழம்பு, கீரை. பள்ளி இல்லாததால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முட்டை.
- ஞாயிறு: நாலு பேருக்கும் முட்டைக் குழம்பு, கீரைப் பொரியல்.

செவ்வாயும் சனியும் கவிச்சி சேர்க்காத வீடுகள் நாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மொத்த அளவு அதேதான்.

எங்கே, எப்போ வாங்கணும்?

செஞ்சியில் வெள்ளிக்கிழமை வாரச்சந்தை. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர் போனது. வார கூலி சனிக்கிழமை வரும் வீடுகளில் சந்தை நாளன்று கையில் காசு இருக்காது. அப்போது அன்றாடம் பக்கத்துக் கடையில் 10 ரூபாய்க்குப் பருப்பு, சின்ன பாக்கெட் எண்ணெய் என்று வாங்க வேண்டி வருது. சின்ன அளவில் வாங்கும்போது கிலோ விலை எப்போதும் கூடுதல்.

இதைத் தவிர்க்க ஒரு வழி: சனிக்கிழமை வரும் கூலியில் அடுத்த வெள்ளிச் சந்தைக்கான 250 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துடுங்க. காய்கறியும் வெங்காயமும் அதில். பருப்பு, பயறு, எண்ணெயை வாரம் ஒருமுறை மொத்தமாக வாங்கணும்.

மல்லாட்டை இந்தப் பகுதியின் சொந்த விளைச்சல். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் வரும் பருவத்தில், தெரிந்த விவசாயியிடம் தோலோடு வாங்கிக் காயவைத்தால் கடை விலையைவிடக் குறையும். ஈரம் போகக் காயவைப்பது முக்கியம். பூஞ்சை பிடித்ததும் கசப்பதும் சாப்பிடக் கூடாது. கருவாட்டுக்கும் தூரம் போக வேண்டியதில்லை, மரக்காணம் கடற்கரை இதே மாவட்டம்தான்.

கோட்டைக்குப் போனவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் உள்ள களஞ்சியத்தைப் பார்த்திருப்பீங்க. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. தானிய இருப்பு இல்லாமல் எந்தக் கோட்டையும் தாங்காது. வீட்டுக்கும் அப்படித்தான்: வேலை இருக்கும் வாரத்தில் ஒரு கிலோ கொள்ளு, ஒரு கிலோ கேழ்வரகு கூடுதலாக வாங்கி வைத்தால், வேலை இல்லாத வாரத்தில் கடன் நோட்டில் பேர் ஏறாது.

700 ரூபாய்தான் இருக்கு, என்ன பண்றது?

எல்லா வாரமும் ஆயிரம் ரூபாய் கிடைக்காது. 300 ரூபாய் குறையும்போது எதில் குறைப்பது என்பதுதான் முக்கியம்.

குறைக்கலாம்: பாலில் 90, காய்கறியில் 50, கருவாடு 40, துவரம் பருப்பில் 35, மல்லாட்டையில் 25, எண்ணெயில் 25, வெங்காயம் தக்காளியில் 20, மளிகையில் 15. மொத்தம் 300.

குறைக்கக் கூடாது: கொள்ளு, முட்டை, கீரை, கேழ்வரகு. பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது வழக்கமாக இவைதான். ஆனால் கொடுத்த காசுக்கு அதிகச் சத்து தருவதும் இவைதான். வேலியில் முருங்கை மரமும், வயல் வரப்பில் பண்ணைக்கீரையும் இருந்தால் கீரைக் காசும் மிச்சம். மருந்து தெளித்த வயலில் மட்டும் பறிக்க வேண்டாம்.

மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நொறுக்குத் தீனி பாக்கெட்டுகள். இரண்டு பிள்ளைகளுக்கு தினம் ஒரு பத்து ரூபாய் பாக்கெட் என்றால் வாரம் 140 ரூபாய். ஒரு வார முட்டைச் செலவைவிட இது அதிகம்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். பட்டினி இல்லாத மாநிலத்தில் இவ்வளவு ரத்தசோகை இருக்கக் காரணங்கள் பல. தட்டில் சோறு நிறையவும் மற்றது குறைவாகவும் இருப்பது அவற்றில் முக்கியமானது.

பெரும்பாலான வீடுகளில் அம்மா கடைசியாகச் சாப்பிடுவார். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும், சோறும் ரசமும் மட்டும் மீதி இருக்கும். பட்ஜெட் எவ்வளவு சரியாகப் போட்டாலும் இந்தப் பழக்கம் மாறாவிட்டால் வீட்டில் ஒருவருக்கு அது போய்ச் சேராது. சமைத்ததும் நாலு பேருக்கும் பங்கு பிரித்து வைத்துவிடுவது எளிய தீர்வு. இதற்குக் காசு செலவில்லை.

மேலும் இரண்டு விஷயம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை, நெல்லிக்காய் ஏதாவது சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சோர்வு, மூச்சு வாங்குவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்க. இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசம்.

ரேஷனில் பொருள் இல்லைன்னு சொன்னால்?

இந்தக் கணக்கு முழுவதும் ரேஷன் மேல் நிற்கிறது. பருப்பும் பாமாயிலும் ஒரு மாதம் வராவிட்டால் கடையில் அதே அளவு வாங்கப் பல மடங்கு செலவாகும். 2024 மே மாதம் இவை தாமதமானபோது, அந்த மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ள அரசு அனுமதி அளித்தது. அதனால் "இல்லை" என்றால் எப்போது வரும், விட்டுப்போன மாதத்துப் பங்கு கிடைக்குமா என்று கேளுங்க.

- பொருள் வாங்கியதும் பதிவு செய்த செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் புகார் செய்யலாம்.
- கட்டணமில்லாப் புகார் எண்: 1967 அல்லது 1800 425 5901.
- பிள்ளை பிறந்தாலோ, மருமகள் வந்தாலோ அட்டையில் பெயர் சேர்த்துடுங்க. முன்னுரிமை அட்டைகளுக்கு ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து அரிசி அளவு மாறும்.
- செல்போன் எண் மாறியிருந்தால் புது எண்ணைப் பதிவு செய்யுங்க.

சுருக்கமா சொல்லணும்னா

அரிசிக்கு ரேஷனையும், பிள்ளைகளின் பகல் சாப்பாட்டுக்குப் பள்ளியையும் முழுசா பயன்படுத்துங்க. கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு பயறு, முட்டை, கீரை, கேழ்வரகுக்கு. அதன் பிறகுதான் மற்றதெல்லாம். இந்த வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்க: அரிசிக்கும் நொறுக்குத் தீனிக்கும் எவ்வளவு போச்சு, பருப்புக்கும் முட்டைக்கும் எவ்வளவு போச்சு? அடுத்த வாரம் எதை மாற்றணும் என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.